வெயில் அடித்தால் டிவி தெரியாது

மழை வந்தால் ஆஸ்ட்ரோ போய்விடும். பினாங்கில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கொடிமலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தாலே, ‘நாடகம் முடியறதுக்குள்ள வந்துடப் போகுது’ என்று பாட்டிமார் வானத்தைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

எங்கள் அம்மா வீட்டில் மட்டும் கதை தலைகீழாக நடந்தது. மூட்டமாக, தூறலாக இருக்கும் நாளில் படம் கண்ணாடி மாதிரி தெரியும். வெயில் சுள்ளென்று அடிக்கும் நாளில் காலை பத்து மணிக்குப் படம் கட்டம் கட்டமாக உடையும்; பதினொன்றுக்குத் திரையே கறுத்து, ‘சிக்னல் இல்லை’ என்று எழுத்து வரும். மாலை நான்கு, ஐந்து மணிக்கு யாரும் எதுவும் செய்யாமல் தானாகத் திரும்பி வரும்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. லெபோ பாசார் பக்கத்தில் ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் மாடியில் தனியாக இருக்கிறார். அப்பா போன பிறகு, ‘பட்டர்வொர்த்துக்கு வந்துடும்மா’ என்று நானும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ‘குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கு அங்கேருந்து எப்படி நடந்து போறது?’ என்ற ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிடுவார். முட்டி வலி வந்த பிறகு கோயிலுக்கு நடப்பதும் வாரம் ஒரு நாளாகிவிட்டது. பகலில் அந்த வீட்டுக்குள் கேட்கும் தமிழ்க் குரல் டிவி மட்டும்தான். அவர் எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, கூடத்திலிருந்து யாரோ பேசுவது காதில் விழுந்தால் போதும்.

முதல் இரண்டு வாரம் புகார் சொன்னார். பிறகு சொல்வதையே நிறுத்திவிட்டார். ‘டிவி எப்படிம்மா?’ என்று கேட்டால், ‘அது கெடக்கு தம்பி, நீ வேலையைப் பாரு’ என்பார். பணம் கொடுத்து ஓர் ஆளை அனுப்பினேன். அந்தப் பையன் வேலை முடிந்து மாலை ஆறு மணிக்கு வந்தான். அப்போது படம் அழகாகத் தெரிந்தது. ‘எல்லாம் ஓகே ஆண்ட்டி’ என்று சொல்லிவிட்டுப் போனான். அவன்மேல் குற்றமில்லை, அவன் பார்த்த நேரத்தில் எல்லாமே ஓகேதான்.

ஒரு சனிக்கிழமை முன்கூட்டிச் சொல்லாமல் போய் நின்றேன். பின்பக்கத் திறந்த மாடியில், தட்டு நிற்கும் கம்பத்தின் அருகே சுவரில் ஏணி சாத்தியிருந்தது. ஏணியின் இரண்டாவது படியில் அம்மாவின் செருப்பு.

‘ஏறினியாம்மா?’

‘ரெண்டு படிதான் ஏறினேன். கை எட்டல. எறங்கிட்டேன்.’

அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. அந்த ஏணியைக் கீழ்வீட்டுச் சீன அங்கிளிடம் கொடுத்து, ‘எங்கம்மா கேட்டா கொடுக்காதீங்க’ என்று சொல்லி வைத்தேன். மறுநாள் ஞாயிறு. இதற்கு ஒரு முடிவு கட்டாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று அங்கேயே தங்கிவிட்டேன்.

சென்ற முறை மின்விசிறியின் ஆட்டத்தைப் பற்றி எழுதியபோது, ‘அடுத்து ஆஸ்ட்ரோ தட்டைப் பற்றி எழுதுங்கள்’ என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கேட்ட நேரத்தில் எனக்கே வேலை வந்து சேர்ந்தது.

தட்டைத் தொடுவதற்கு முன், அது எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிய வேண்டும். நமது துணைக்கோள்களின் இடம் கிழக்குத் தீர்க்கரேகை 91.5 பாகை. 1996 ஜனவரியில் தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பிய மியாசாட்-1 முதல், 2022 ஜூனில் போன மியாசாட்-3டி வரை, அதே முகவரிக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் குடிவந்திருக்கின்றன. நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரம். அந்த உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரமும் பூமி தன்னைத்தானே சுற்றும் நேரமும் ஒன்றே என்பதால், கீழேயிருந்து பார்க்கும் நமக்கு அது ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கிறது. இந்த இடத்தைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945-இல் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பிற்காலத்தில் கொழும்பில் குடியேறினார். 1975-இல் இந்திய விண்வெளி ஆய்வுக் கழகம் அவர் வீட்டில் ஒரு பெரிய தட்டை வைத்துக் கொடுத்தது; அப்போது இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே கிடையாது. தட்டுக்காரர்களில் நமக்கெல்லாம் மூத்தவர் அவர்தான்.

91.5 பாகை என்றால் தரையில் எங்கே? சுமத்ராவின் மேற்கே, இந்தியப் பெருங்கடலின் நடுவே. ஜார்ஜ் டவுன் ஏறத்தாழ 100.3 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு 5.4 பாகை வடக்கே இருக்கிறது. கணக்குப் போட்டால் நமது தட்டு பார்க்க வேண்டிய திசை வடக்கிலிருந்து வலப்பக்கமாக 239 பாகை, அதாவது தென்மேற்கிலிருந்து கொஞ்சம் மேற்கே தள்ளி. லிட்டில் இந்தியாவில் நின்று மேற்கே பார்த்தால் நேர் எதிரே கொடிமலை. சற்று இடப்பக்கம் கெக் லோக் சி கோயில். இன்னும் இடப்பக்கம் பாயா தெருபோங் மலைச்சரிவு. அந்தப் பக்கம்தான்.

ஆனால் மலையைப் பார்க்கக் கூடாது. மலைக்கு மேலே, மிக மேலே பார்க்க வேண்டும். உயரக் கோணம் 78 பாகை. தலைக்கு நேர் மேலே என்பது 90 பாகை. அதிலிருந்து வெறும் 12 பாகைதான் சாய்வு. கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும் அளவு உயரம்.

‘எங்க வீட்டுத் தட்டு அவ்வளவு மேலே பார்க்கலையே’ என்பீர்கள். நியாயமான கேள்வி. வீட்டுத் தட்டுகளில் எல்.என்.பி. என்ற அந்த மூக்கு, தட்டின் நேர் நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் தட்டு பார்க்கும் திசை வேறு, அது வாங்கும் திசை வேறு. நம் கண்ணுக்குத் தட்டு பாதி மல்லாந்த மாதிரி தெரியும். உண்மையில் அது ஏறக்குறைய உச்சியிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கும். கண்ணால் குறிபார்த்துத் திருப்பியவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

இந்த 78 பாகை இன்னொரு காரியமும் செய்கிறது. நான் அதை அன்றுதான் உட்கார்ந்து யோசித்துப் புரிந்துகொண்டேன். லண்டன் மாதிரி வடக்கே உள்ள ஊரில் துணைக்கோள் தாழ்வாக இருக்கும். அங்கே தட்டை இட வலமாக ஒரு பாகை திருப்பினால் பார்வையும் கிட்டத்தட்ட ஒரு பாகை நகரும். நம் ஊரில் அப்படியில்லை. குடையை ஏறக்குறைய நேராகப் பிடித்துக்கொண்டு காம்பைச் சுழற்றினால் அதன் நுனி எவ்வளவு நகரும்? கொஞ்சம்தான். அதே போல, பினாங்கில் தட்டை இட வலமாக 5 பாகை திருப்பினால் வானத்தில் பார்வை நகர்வது ஒரு பாகை அளவே. ஆனால் குடைக் காம்பே சாய்ந்தால்? இரண்டு பாகை சாய்ந்தால் இரண்டு பாகையும் போய்விடும், எந்தப் பக்கம் சாய்ந்தாலும்.

நம் வீட்டு 60 செண்டிமீட்டர் தட்டின் பார்வை அகலம் மொத்தமே ஏறத்தாழ 3 பாகை. நடுவிலிருந்து ஒன்றரை பாகை விலகினால் வந்து சேரும் சக்தி பாதியாகிவிடும். இரண்டரை பாகை விலகினால் எட்டில் ஒரு பங்குகூடத் தேறாது. எனவே மலேசியாவில் ஒரு தட்டு சரியில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது தட்டை அல்ல, கம்பத்தை. கம்பம் செங்குத்தாக நிற்கிறதா?

ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேலே போனேன். பெரிதாகக் கருவி ஒன்றும் இல்லை. நூலில் ஒரு கனமான நட்டைக் கட்டினால் தூக்குக்குண்டு தயார். கீழ்வீட்டு அங்கிள் தச்சுவேலை செய்தவர்; தன்னுடைய ரசமட்டத்தையும், வாங்கிய ஏணியையும் கொண்டுவந்து, ஏணியைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார். என் மகள் கூடத்தில் டிவி முன்னால். டிகோடரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு பட்டைகள் தெரியும்: ஒன்று சிக்னலின் வலிமை, இன்னொன்று தரம். வலிமையைப் பார்த்து ஏமாறாதீர்கள் என்று அவளிடம் சொன்னேன். சந்தைக்கடைச் சத்தமும் சத்தம்தான். அதில் நம்மைக் கூப்பிடும் குரல் கேட்கிறதா என்பதே கேள்வி. தரம்தான் அந்தக் குரல். அவள் போனில் எனக்கு எண்ணைச் சொல்ல வேண்டும்.

‘அப்பா, தரம் எழுபது.’

எழுபதா? படமும் நன்றாகத் தெரிகிறதாம். தூக்குக்குண்டைப் பிடித்தேன். கம்பம் கொஞ்சம் சாய்வு, பெரிதாகச் சொல்வதற்கில்லை. கீழே சுவரில் பிடித்திருக்கும் இரும்புப் பட்டையின் போல்ட்கள் துருப்பிடித்திருந்தன. கையால் ஆட்டினால் கம்பம் லேசாக ஆடியது. அதைக் குறித்துக்கொண்டேன். எல்.என்.பி.யின் மூடி வெயிலில் வெடித்திருக்கிறதா, உள்ளே எறும்பு கூடு வைத்திருக்கிறதா என்று பார்த்தேன். சூடேறினால் எல்.என்.பி. தகராறு செய்கிறதோ என்பதுதான் அதுவரை என் சந்தேகம். புதியது ஒன்று வாங்கிப் பையில் வைத்திருந்தேன்கூட.

ஒன்பதரை மணிக்கு அம்மா மேலே வந்தார், கையில் துணிக்கூடை.

‘தம்பி, கொஞ்சம் நகரு. நல்ல வெயில். பெட்ஷீட்டைக் காயப்போட்டுடறேன்.’

நனைந்த பெட்ஷீட் இரண்டு, ஒரு சாரம், மூன்று துண்டு. தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து தட்டின் கம்பம் வரை இழுத்துக் கட்டிய நைலான் கயிற்றில் ஒவ்வொன்றாகப் போட்டார். இரண்டாவது பெட்ஷீட் கயிற்றில் விழுந்தபோது போனில் மகளின் குரல்:

‘அப்பா, முப்பத்தஞ்சு! அப்பா, படம் நின்னுடுச்சு!’

தூக்குக்குண்டைத் திரும்பப் பிடித்தேன். ஒரு மீட்டர் உயரத்துக்கு நான்கு செண்டிமீட்டர் விலகல். இரண்டு பாகைக்கு மேல் சாய்வு. இறுக்கிக் கட்டிய கயிற்றின் நடுவில் எடை தொங்கினால் அதன் முனைகளில் விழும் இழுவை, தொங்கும் எடையைப் போலப் பல மடங்கு இருக்கும். ஆடும் போல்ட்டுக்கு அது போதாதா? வெயில் நாளில் அம்மா துணி போடுவார், டிவி போகும். நான்கு மணிக்குத் துணி எடுப்பார், கம்பம் நிமிரும், டிவி வரும். மழை நாளில் துணியே போட மாட்டார்.

அங்கிள் ஏணியைப் பிடித்துக்கொண்டே சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது.

‘கயிறு யாரும்மா இங்கே கட்டினது?’ என்று கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும் முன்பே நினைவு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன், தீபாவளிக்கு வந்தபோது, பழைய மரக்கம்பு உளுத்துப்போய்விட்டது என்று நானேதான் கட்டிக் கொடுத்தேன். ‘இது இரும்பும்மா, அசையாது’ என்று வேறு சொன்னேனாம். அம்மா அதை மறக்கவில்லை.

அதன்பின் வேலை எளிது. கயிற்றை அவிழ்த்தோம். கம்பத்தின் அடியில் துருப்பிடித்த போல்ட்களை மாற்றினோம். தூக்குக்குண்டை முன்பக்கம் ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை பிடித்து, கம்பத்தைச் செங்குத்தாக்கி இறுக்கினோம். ஒரு பக்கம் மட்டும் பார்த்து இறுக்கிவிடாதீர்கள். கம்பம் இன்னொரு பக்கம் சாய்ந்திருக்கும்.

பிறகுதான் தட்டு. முதலில் அது இருந்த இடத்தைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டேன். தோற்றால் திரும்பி வர ஒரு வழி வேண்டும். மேல்கீழ் போல்ட்டை முழுக்க அவிழ்க்காமல், அழுத்தினால் மட்டும் நகரும் அளவுக்குத் தளர்த்தி, மயிரிழை அளவு நகர்த்தினேன். நகர்த்திவிட்டு ஐந்து வரை எண்ண வேண்டும். டிகோடர் உடனே எண்ணை மாற்றாது, யோசித்துத்தான் சொல்லும். அவசரக்காரர்கள் எண் ஏறும் முன்பே சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

‘எழுபத்திரண்டு... எழுபத்தெட்டு... எண்பத்திரண்டு... எண்பது, அப்பா, கீழே போகுது.’

தாண்டியாயிற்று. திரும்ப வந்தேன். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. உச்சியில் எண் கொஞ்ச தூரம் மாறாமல் நிற்கும். எண் குறையத் தொடங்கும் மேல் இடத்தையும் கீழ் இடத்தையும் குறித்து, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். அதன் பிறகு இட வலம். முன்னே சொன்னபடி அதில் நமக்குத் தாராளம் உண்டு. இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பி, நடுவில் நிறுத்தினேன். போல்ட்டை இறுக்கும்போதும் எண்ணைக் கேட்டுக்கொண்டே இறுக்க வேண்டும். ஸ்பேனர் கடைசிச் சுற்றில் தட்டை ஓர் இழுப்பு இழுத்துவிடும். எல்.என்.பி.யைக் கழுத்தில் திருகாதீர்கள். அலை எந்தச் சாய்வில் வருகிறதோ அதற்கேற்ப அதை வைத்திருப்பார்கள். நம் ஊரில் அந்தச் சாய்வு மிக அதிகம்.

முடிவில் எண்பத்தைந்து. வாங்கி வந்த புது எல்.என்.பி. பையிலேயே இருந்தது.

‘எழுபதிலேயே படம் நல்லாத்தானே தெரிஞ்சுது? இவ்வளவு பாடு எதுக்கு?’ என்று மகள் கேட்டாள். பழைய அன்டெனா காலத்தில் சிக்னல் குறையக் குறையப் படத்தில் பனி விழும். ‘டிவி டூ’ தமிழ்ச் செய்தியைப் பனியோடே பார்த்து வளர்ந்தவன் நான். டிஜிட்டலில் பனி கிடையாது. கடைசி வரை தெளிவாக இருக்கும், ஒரு படி குறைந்ததும் மொத்தமாகப் போய்விடும். நல்ல வெயிலில் மிச்சம் பிடித்து வைப்பது, மழையில் செலவழிக்கத்தான். துணைக்கோளிலிருந்து வரும் அலையின் நீளம் இரண்டரை செண்டிமீட்டர் அளவே. பெரிய மழைத்துளிகள் அதை விழுங்கவும் சிதறடிக்கவும் செய்யும். 2017 நவம்பரில் பினாங்கைப் புரட்டிய மாதிரி ஒரு மழைக்கு எந்தத் தட்டும் தாங்காது. ஆனால் அக்டோபர் மாதச் சாதாரண மழைக்குப் படம் போகிறதென்றால், உங்கள் தட்டில் சேமிப்பு இல்லை என்று பொருள்.

அன்று மதியம் சாப்பாட்டின்போது திருச்சியிலிருக்கும் மாமாவைப் பற்றிப் பேச்சு வந்தது. 2010 ஜூலையில் அவர் அப்பாவுக்குப் போன் செய்து, ‘மச்சான், உங்க ஊரு சாட்டிலைட்டுக்கு எங்க தட்டைத் திருப்பிட்டுப் போறாங்க!’ என்றாராம். அப்பாவுக்கு அதில் ஏகப் பெருமை. நடந்தது இதுதான்: தமிழ்நாட்டின் சன் டைரக்ட், 93.5 பாகையில் இருந்த இந்தியாவின் இன்சாட்-4பி வழியாக ஒளிபரப்பி வந்தது. அந்த ஜூலையில் அந்தத் துணைக்கோளின் மின்சக்தியில் கோளாறு ஏற்பட்டு, அதன் அலைபரப்பிகளில் பாதியை நிறுத்த வேண்டியதாயிற்று. சன் டைரக்ட் அருகிலிருந்த மியாசாட்-3-க்கு மாறியது. வானத்தில் இரண்டே பாகை தூரம். ஆனால் தட்டுகள் தாமாகத் திரும்புமா? வீடு வீடாக ஆள் போக வேண்டியிருந்தது.

சென்னையில் அந்த இரண்டு பாகைக்கு, கம்பத்தைச் சுற்றித் தெற்கு நோக்கி ஏறத்தாழ 5 பாகையும், மேல்நோக்கி ஒன்றரை பாகையும் திருப்ப வேண்டும். ஒன்றரை அங்குலக் கம்பத்தில் 5 பாகை என்பது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்த இரண்டு மில்லிமீட்டருக்காகத்தான் வீடு வீடாக மொட்டைமாடி ஏறினார்கள். அன்று முதல் திருச்சி மாமாவின் தட்டு தென்கிழக்கைப் பார்த்து, எங்கள் தட்டு தென்மேற்கைப் பார்த்து, இரண்டும் நடுக்கடலின் மேல் ஒரே புள்ளியில் சந்தித்தன. ‘அப்ப அவங்க பார்த்த அதே நாடகம் அங்கேருந்துதான் வந்துச்சா?’ என்று அம்மா கேட்டார். அலை அதே இடத்திலிருந்துதான் வந்தது, ஆனால் அவர்களுக்கு வேறு கற்றை, நமக்கு வேறு கற்றை என்றேன். ‘என்னமோ போ, ஒரே எடந்தானே’ என்று முடித்துவிட்டார்.

உங்கள் வீட்டுக்கு வருவோம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: பழைய ஃபிளாட்களில் ஒரு பக்கச் சுவரில் மட்டும் தட்டுகள் கொத்துக் கொத்தாய் இருக்கும், எதிர்ப்பக்கம் அதிகம் இருக்காது. தென்மேற்குச் சுவரில் வைத்தால் பார்வை கட்டடத்தை விட்டு விலகி மேலே ஏறும். வடகிழக்குச் சுவரில் வைத்தால் உங்களுக்கு மேலே 30 மீட்டர் கட்டடம் இருக்கும் பட்சத்தில், தட்டு சுவரிலிருந்து ஆறரை மீட்டர் வெளியே நீண்டால்தான் வானம் தெரியும். நடக்கிற காரியமில்லை, கூரையில் பொதுத் தட்டு உண்டா என்று நிர்வாகத்தைக் கேளுங்கள். சரியான பக்கத்து பால்கனியிலும், மேல்வீட்டுத் தளம் மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால், தட்டு அந்தத் தளத்தின் ஓரத்திலிருந்து 65 செண்டிமீட்டருக்கு மேல் உள்ளே போகக் கூடாது.

மரம் மறைக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மா மரம் வைத்தபோது இடுப்பளவு இருந்தது, இப்போது கூரைக்கு மேலே. இதற்குச் சூரியனே சாட்சி. ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் 18-ஐ ஒட்டியும் செப்டம்பர் 25-ஐ ஒட்டியும், பினாங்கிலிருந்து பார்க்கும்போது பிற்பகல் இரண்டு மணியளவில் சூரியன் சரியாகத் துணைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்தச் சில நாட்களில் சில நிமிடங்கள் படம் தடுமாறினால் பயப்பட வேண்டாம். சூரியனின் இரைச்சல் அது. அதே நேரத்தில் வெளியே போய்த் தட்டைப் பாருங்கள். தட்டு முழுவதும் வெயில் விழுந்தால் பாதை சுத்தம். இலை நிழல் விழுந்தால், வெட்ட வேண்டிய கிளை எது என்று நிழலே காட்டும்.

கேபிளை மறக்க வேண்டாம். தட்டு சரியாக இருந்தும் தரம் குறைவாக இருந்தால், பெரும்பாலும் எல்.என்.பி.யில் மாட்டும் கனெக்டருக்குள் தண்ணீர் போய்ச் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும். டிகோடரை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். அந்தக் கேபிளில் மேலே மின்சாரம் போகிறது. நுனியை வெட்டிப் புதுக் கனெக்டர் போட்டு, நீர்புகா டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள், கூரை ஓடு வேய்வது போல, மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படியும்படி.

இன்னொன்று. தட்டு தரையிலோ பால்கனியிலோ நின்று கை எட்டும் இடத்தில் இருந்தால் நீங்களே பாருங்கள். கடைவீட்டு ஓட்டுக் கூரை மேலே இருந்தால் வேண்டாம். அந்த ஓடுகள் பூனைக்கே முனகும். இடி இடிக்கும் நாளில் இரும்புக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதும் வேண்டாம். தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். ஆனால் படம் போகிற நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். எந்த நாளில், எத்தனை மணிக்குப் போகிறது, அப்போது வீட்டில் என்ன நடக்கிறது என்று ஒரு வாரம் காலண்டரில் குறித்து வையுங்கள். நான் அதைச் செய்திருந்தால், ‘துணி துவைத்த நாள்’ என்று அம்மாவே எழுதிக் காட்டியிருப்பார்.

அம்மாவுக்குப் புதுக் கயிறு, சுவரிலிருந்து சுவருக்கு, எதிலும் படாமல் கட்டிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தேன். பின்னால் டிவியில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள், நல்ல சத்தம்.

‘தெரியுதாம்மா?’

‘அதெல்லாம் நல்லாத் தெரியுது. கயிறுதான் கொஞ்சம் தாழ்வாக் கட்டிட்டே தம்பி. பெட்ஷீட் தரையில படுது.’